ஒலிநாடகத்தில் அச்சமும் மருட்கையும்

அச்சத்தைப் பிறப்பிக்கும் பொருள்கள் நான்கு என்பர் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவர் என்பன அந்நான்கு. மருட்கை, அஃதாவது வியப்பு, பிறத்தற்கும் நான்கு நிலைக்களன்களை அவர் வகுத்துள்ளார். முன் காணாத புதுமை, அளவிறந்த பெருமை, மிக நுண்ணிய சிறுமை, ஒன்று பிறிதொன்றாய்த் திரியும் ஆக்கம் என்பன அவை. பேய்க்கதை, மாயக்கதை, அறிவியற் புனைகதை என இக்காலத்தார் பிரித்து வழங்கும் மூவகைக் கதைகளும் இவ்வெட்டினுள் பெரும்பாலும் அடங்குதலை நோக்குமிடத்து, மெய்ப்பாட்டியல் இன்றைய திறனாய்வுக்கும் உதவும் கருவியே என்பது தெளிவாகும்.

உரையாசிரியர் பேராசிரியர் இதனை இன்னும் ஒரு படி விரித்துரைப்பர். ஒவ்வொரு சுவையினையும் சுவைப்படுபொருள், சுவையுணர்வு, குறிப்பு, விறல் என நான்காகப் பகுத்துக் காண்பது அவர் நெறி. புலி சுவைப்படுபொருள். அதனைக் கண்டவன் பெறுவது சுவையுணர்வு. அதன்பின் உள்ளத்தில் நிகழும் நடுக்கம் குறிப்பு. மெய்ம்மயிர் சிலிர்த்தலும் குரல் குழறலுமாகிய உடற்குறிகள் விறல். இந்நான்கும் ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்வன என்பதனை நாம் மறத்தலாகாது. ஏனெனில், அண்மைக்காலத்துத் தமிழ் ஒலிநாடகங்களின் தலையாய குறை இவ்வரிசையினை மறந்தமையால் விளைந்ததே என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஒலிநாடகமும் ஒலிநூலும் இன்று நம் இளைஞரிடையே பெரிதும் பரவியுள்ளன. இந்தியாவில் 2018ஆம் ஆண்டில் தோன்றிய பாக்கெட் எப்.எம்., குக்கு எப்.எம். ஆகிய செயலிகள் தமிழிலும் தொடர்களை வழங்குகின்றன. கைத்தொலைபேசியும் செவிப்பொறியும் உள்ள மாணவன் எவனும் பஸ்ஸில் செல்லும்போதும் உறங்கப் போகுமுன்பும் பேய்க்கதை கேட்கலாம். நாவலும் சிறுகதையும் பெறும் திறனாய்வில் ஒரு சிறு பங்கினையேனும் இவை பெறுவதில்லை. பொழுதுபோக்கென்று கற்றோர் இவற்றைப் புறக்கணிப்பின், மாணவர் தாம் மிகுதியாக நுகரும் கலையினைப் பற்றி ஆசிரியரோடு பேசுவதற்குச் சொல்லின்றி இருப்பர்.

செவிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகம் எனப் பொதுவாகக் கருதப்படுவது, ரிச்சட் ஹியூஸ் எழுதி 1924 ஜனவரி 15இல் பி.பி.சி. ஒலிபரப்பிய ‘அபாயம்’ என்னும் நாடகமாகும். கண்ணுக்கு ஒன்றும் காட்டவியலாத கருவிக்கு நாடகம் எழுதவேண்டிய ஹியூஸ் தெரிந்துகொண்ட களம் நிலக்கரிச் சுரங்கம். நாடகம் தொடங்கும்போதே அங்கு விளக்குகள் அணைந்துவிடுகின்றன. சுரங்கத்துள் அகப்பட்டோரும் காண்கிலர்; வீட்டிலிருந்து கேட்போரும் காண்கிலர். இருவரும் ஒரே இருளில் நிற்கின்றனர். கருவியின் குறையினையே கதையின் பொருளாக்கிய இவ்வுத்தி, வானொலி நாடகத்தின் இலக்கணத்தை அதன் பிறப்பிலேயே வகுத்துவிட்டது எனலாம். இருளைப் பார்க்க இயலாது. ஆனால் இருளில் ஒருவரோடு நிற்க இயலும்.

1938 ஒக்டோபர் 30ஆந் திகதி அமெரிக்காவில் ஓர்சன் வெல்ஸ் ஒலிபரப்பிய ‘உலகங்களின் போர்’ யாவரும் அறிந்தது. எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட நாவலே அதற்கு மூலம். செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்தனர் என நம்பி நாடே தெருவுக்கு ஓடியது என்று மறுநாட் செய்தித்தாள்கள் எழுதின. அச்செய்தி பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்பதே பிற்கால ஆய்வாளர் முடிபு. ஆயினும் நாடகத்தின் ஆற்றலை அது குறைப்பதன்று. அதன் முற்பகுதி இசை நிகழ்ச்சியினை இடையிடையே அறுத்து வரும் செய்தியறிக்கைகளாக அமைந்தது. அறிவிப்பாளன் அலறவில்லை, தான் கண்டதனைச் செய்தியாளனுக்குரிய நிதானத்தோடு சொல்ல முயன்றான். ஒரு கட்டத்தில் அவன் குரல் இடையில் அறுந்து சில கணங்கள் ஒலியே இல்லாது போயிற்று. அம்மௌனமே நாடகத்தின் உச்சம்.

இன்னுமொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. மூலநாவலில் செவ்வாய்க் கலங்கள் இங்கிலாந்தின் சரே பகுதியில் இறங்கின. வானொலி நாடகத்திலோ அவை நியூ ஜேர்சி மாநிலத்துக் குரோவர்ஸ் மில் என்னும் உண்மையான சிற்றூரில் இறங்கின. 1949 பெப்ரவரியில் எக்குவடோர் நாட்டின் தலைநகராகிய கீட்டோவில் இந்நாடகம் ஸ்பானிய மொழியில் ஒலிபரப்பானபோது படையெடுப்பு அந்நாட்டு ஊர்களுக்கே மாற்றப்பட்டது. அதனை மெய்யென நம்பிப் பின் நாடகமென்று அறிந்த மக்கள் சினங்கொண்டு வானொலி நிலையம் இருந்த கட்டடத்துக்குத் தீயிட்டனர், உயிர்களும் மாண்டன. இவ்விழிசெயலை எவரும் போற்றார். ஆனால் கலை நோக்கில் இது கற்பிப்பது ஒன்றுண்டு. வேற்றுலகத்தார் பற்றிய கதையும் கேட்போரின் சொந்த ஊரில் நிகழ்ந்தாலன்றி உள்ளத்தைத் தொடுவதில்லை. சுவைப்படுபொருள் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும்.

நம் நாட்டு வானொலி இவ்விரண்டினுள் ஒன்றனை நன்கு அறிந்திருந்தது. ஒலிபரப்பினை ஒரு கலையெனக் கருதி 1954இலேயே ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலைத் தமிழில் தந்தவர் யாழ்ப்பாணத்தவராகிய சோ. சிவபாதசுந்தரம். இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’, ‘லண்டன் கந்தையா’ முதலிய வானொலி நாடகங்களும், ‘சானா’ எனப்பட்ட சண்முகநாதனின் நடிப்பும் தயாரிப்பும் வீட்டுத் திண்ணையில் மக்கள் பேசும் மொழியினை ஒலிவாங்கியின் முன் கொணர்ந்தன. பின்னாளில் சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ ஒரு குடும்பத்தின் துயரினை நாடு முழுதும் தன் துயராக எண்ணிக் கேட்கச் செய்தது. இவையனைத்தும் குடும்பக் கதைகள், நகைச்சுவைக் கதைகள். பேயும் மாயமும் எதிர்கால உலகும் அவற்றின் பொருளல்ல. ஆயினும் குரலுக்கு ஓர் ஊர் உண்டு என்னும் உண்மையினை அவை நிலைநாட்டின. பேசுபவர் எந்த ஊரவர், எத்தொழிலினர், எத்தனை வயதினர் என்பதனை இரண்டு வாக்கியத்திலேயே கேட்போர் அறிந்தனர்.

இனி, இக்காலத்து ஒலிப்படைப்புகளை நோக்குவோம். அவற்றை ஒலிநூல், ஒலிநாடகம் என இருவகைப்படுத்தலாம். ஒலிநூலினும் இருநெறிகள் உள. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வ’னைப் பம்பாய் கண்ணன் பல குரல்களைக் கொண்டு ஒலிவடிவமாக்கினார். இஃது ஒரு நெறி. ‘கதை ஓசை’ என்னும் நிகழ்ச்சி வழி தீபிகா அருண் ஒற்றைக் குரலில் கதைகளை வாசித்தளிப்பது மற்றொரு நெறி. பல்குரல் நெறியிற் பாத்திரங்கள் எளிதில் வேறுபட்டு விளங்கும். நீண்ட நாவலுக்கு இது பெருநன்மை. ஒற்றைக்குரல் நெறியிற் கதைசொல்லியே தலைமைப் பாத்திரமாகி விடுவதால் கேட்போன் தானே பிற குரல்களைக் கற்பனை செய்துகொள்வான். வரலாற்று நாவலுக்கு முன்னது சிறப்பின், அச்சக் கதைக்குப் பின்னதே சிறப்பு என்பது என் கருத்து. அஞ்சத்தக்கது எதுவோ அதற்குத் தனிக்குரல் ஒன்றைக் கொடுத்தவுடன் அது நடிகர் ஒருவராகச் சுருங்கிவிடுகின்றது.

புதுமைப்பித்தன் 1943இல் வெளியிட்ட ‘காஞ்சனை’யினை எடுத்துக்கொள்வோம். தமிழ்ச் சிறுகதையில் அச்சச் சுவைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கூறல் அரிது. கதை தன்மையிடத்தில் சொல்லப்படுகின்றது. சொல்பவர் உறக்கம் வராத ஓர் எழுத்தாளர். அவர் பேச்சில் தொடக்கத்தில் ஒருவகைக் கிண்டலும் அலட்சியமும் உள்ளன. இருளில் முதலில் வருவது உருவமன்று, வாடை. நிகழ்ந்தது பேயின் செயலா, மனத்தின் மயக்கமா என்னும் ஐயம் இறுதி வரை தீர்வதில்லை. இக்கதையினை வாசிக்க முற்படுவோர் முதல் வரியிலேயே குரலை நடுக்கி, பின்னணியில் வீணை நரம்பினை அதிரச் செய்வாராயின் கதை அங்கேயே மாண்டுவிடும். கிண்டல் செய்யும் குரல் மெல்ல மெல்லக் கிண்டலை இழப்பதே அக்கதையின் நாடகம். வாடைக்கு ஒலியில்லை. ஆகவே வாசிப்பவர் செய்யத்தக்கது ஒன்றே: சிறிது நிறுத்தி, கேட்போன் தன் நினைவிலுள்ள ஒரு வாடையினைத் தேடியெடுக்க இடங்கொடுத்தல்.

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ வேறொரு சிக்கலை எழுப்புகின்றது. பேயா, அறிவியல் வித்தையா என்னும் வினாவின் இருபுறமும் மாறி மாறிச் சாய்ந்து செல்வது அந்நாவல். அதனை ஒலியாக்குவோர் பேய் தோன்றும் இடங்களுக்கென ஓர் இசையினை அமைத்துவிட்டால், ஆசிரியர் விடையளிக்காது விட்ட வினாவுக்கு இசையமைப்பாளர் விடையளித்தவராவார். அவருடைய ‘என் இனிய இயந்திரா’ 2020களின் தொடக்கத்தில் நிகழ்வதாக 1980களில் எழுதப்பட்ட கதை. அக்காலம் நமக்குக் கடந்துவிட்டது. அதில் மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்களே விதிக்கப்பட்டுள்ளன. கண்ணால் வாசிக்கும்போது வேடிக்கையாகக் கடந்துபோகும் இச்செய்தி செவியில் விழும்போது கொடுமையாகின்றது. ஒருவர் பின் ஒருவராய் அக்குறும்பெயர்களே ஒலிக்கக் கேட்பின், நீண்ட பெயர் சூட்டும் உரிமையும் பறிக்கப்பட்ட நாடு அது என்பது விளக்கமின்றி விளங்கும். இஃது இறையினால் வரும் அச்சம். ஜீனோ என்னும் இயந்திர நாய்க்கு உலோகம் உரசும் குரல் கொடுத்தலும் பிழையாகும். அது நம்மினும் தெளிவாகச் சிந்தித்துப் பேசுகின்றது என்பதே வியப்பு. இயல்பான குரலில் பேசினால் அவ்வியப்பு மிகும்.

இனி ஒலிநாடகத் தொடர்கள். இச்செயலிகளிற் கேட்ட பேய்த்தொடர்கள் பலவற்றின் அமைப்பு ஒரே வார்ப்பில் உள்ளது. நாய் ஊளையிடும், கதவு கிரீச்சிடும், சலங்கை ஒலிக்கும், ஒரு பெண் அலறுவாள், அத்துடன் அத்தியாயம் முடியும். அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் அவள் ஏன் அலறினாள் என்பதனை அவளே தன் தோழியிடம் முழுமையாக எடுத்துரைப்பாள். பேராசிரியர் வகுத்த வரிசையில் வைத்து நோக்கின் இக்குறையின் தன்மை புலனாகும். அலறல் விறல். அது பாத்திரத்தின் உடற்குறி. அவ்விறலைப் பிறப்பித்த சுவைப்படுபொருளை நாம் அறியோம். ஆகவே சுவையுணர்வும் குறிப்பும் நம் உள்ளத்தில் நிகழ்வதில்லை. பிறர் உண்ணும் ஓசையினைக் கேட்டு நம் பசி தீராதவாறு போலப் பிறர் அலறக் கேட்டு நமக்கு அச்சம் வருவதில்லை. திடுக்கிடுதல் வேறு, அஞ்சுதல் வேறு. பட்டாசு வெடித்தாலும் திடுக்கிடுகின்றோம்.

இக்குறைக்கு எழுத்தாளரை மட்டும் பழித்தல் நீதியன்று. பாக்கெட் எப்.எம். போன்ற செயலிகளில் தொடர்கள் சிறு சிறு அத்தியாயங்களாக, நாணயம் என்னும் பெயரால் விலை பெற்று விற்கப்படுகின்றன. ஒவ்வோர் அத்தியாய முடிவும் அடுத்ததனை வாங்கச் செய்தல் வேண்டும். மௌனத்தில் முடியும் அத்தியாயத்தினும் அலறலில் முடிவது எளிதில் விலைபோகும். வார இதழ்த் தொடர்கதைக்கும் இந்நெருக்கடி உண்டாயினும், அடுத்த இதழ் வரும்வரை வாசகன் ஒரு வாரம் தன் கற்பனையோடு வாழ்ந்தான். இன்று அவ்விடைவெளி இல்லை.

இத்தொடர்களால் நன்மையே இல்லையோ எனின், உண்டு. கண்பார்வையற்றோருக்கும், வாசிக்கும் ஓய்வில்லாத உழைப்பாளருக்கும் இவை கதையுலகின் வாயிலைத் திறந்துள்ளன. நூலகம் எட்டாத ஊர்களில் நூல்களின் பெயரை மாணவர் முதன்முதற் கேட்பது இவற்றின் வழியாகவே. ஆதலின் இவற்றை ஒதுக்குதல் நம் நோக்கமன்று. இவை தம் கருவியின் ஆற்றலை அறிந்து செயற்படல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அவ்வாற்றலை அறிந்து செயற்பட்டோர் பிறமொழிகளில் உளர். 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘வெல்கம் டு நைட் வேல்’ என்னும் தொடர் பாலைவனச் சிற்றூர் ஒன்றின் வானொலி அறிவிப்பாகவே அமைந்துள்ளது. இயற்கைக்கு மாறான நிகழ்ச்சிகள் யாவும் வானிலை அறிக்கை சொல்லும் அமைதியோடு சொல்லப்படுகின்றன. அவ்வமைதியே நம்மை அஞ்சவும் நகைக்கவும் செய்கின்றது. டக்ளஸ் அடம்ஸ் எழுதி 1978இல் பி.பி.சி. ஒலிபரப்பிய ‘ஹிச்ஹைக்கர்ஸ் கைட் டு த கலக்ஸி’ முதலில் வானொலித் தொடராகப் பிறந்து பின்னரே நூலாயிற்று. அதில் பூமி அழிக்கப்படுவதற்குக் காரணம் அண்டவெளிப் பெருவழி ஒன்று அமைத்தலே. அலுவலகத்து மொழியில் அவ்வழிவு அறிவிக்கப்படுகின்றது. உலகத்தின் முடிவையும் ஓர் எழுதுவினைஞரின் குரலில் சொல்லலாம் என்று காட்டியதே அதன் புதுமை.

இத்தகைய கதைகளுக்கு வேண்டும் முதற்பொருள் நம்மிடம் இல்லையோ என வினவின், எம் மலைநாடே விடையாகும். உடப்புசல்லாவையில் மழைக்காலத்து மாலை நான்கு மணிக்கே மூடுபனி லயத்தின் வாசல்வரை இறங்கிவிடும். பத்தடி தொலைவில் வருபவரை முகத்தால் அறிய இயலாது. இருமலாலும் நடையாலுமே அறிவோம். ஹியூஸ் விளக்கினை அணைத்துப் பெற்ற இருளை எமக்கு இயற்கையே தந்துள்ளது. இங்கு அணங்குகளும் தொழிலோடு பிறந்தவை. கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் வணங்கப்படும் கவ்வாத்துச் சாமியும், தொழிற்சாலையின் சுழலும் சக்கரத்தினைக் காக்கும் ரோதை முனியும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தெய்வங்களல்ல; தேயிலை மலையில் பிறந்த தெய்வங்கள். இயந்திரத்தினுள் உறையும் தெய்வம் என்னும் கருத்தினைக் கண்டு அறிவியற் புனைகதை எழுதுவோர் பொறாமைப்படுதல் கூடும். காமன் கூத்தில் மன்மதன் எரியுண்டபின் இரதி புலம்பும் இரவில், தப்பு ஓய்ந்த பின்னர் எழும் அமைதியினைக் கேட்டோர் மௌனத்தின் ஆற்றலை ஒருவரிடம் கற்கவேண்டியதில்லை. மலைநாட்டு மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். அவர் பாடல்களுக்குச் செய்ததனை இக்கதைகளுக்கு யார் செய்வர்?

இவ்வினா எனக்கு வகுப்பறையில் எழுந்தது. பத்தாந்தர மாணவர்க்குத் தமிழ் கற்பிக்கும்போது, பேய்க்கதை ஒன்று சொல்லுமாறு ஒருநாள் கேட்டேன். பலர் எழுந்தனர். சொன்ன கதைகள் எல்லாம் மாநகரத்து அடுக்குமாடி வீடுகளில் நிகழ்ந்தன. மின்தூக்கியினை வாழ்வில் ஒருமுறையும் கண்டிராத பிள்ளைகள் மின்தூக்கியில் வரும் பேயினைப் பற்றிச் சொன்னார்கள். இசையினையும் வாயாலேயே எழுப்பினார்கள். வகுப்பு நகைத்து மகிழ்ந்தது. இறுதியில் ஒரு மாணவி தயங்கி எழுந்து, தன் அப்பாயி சொன்னது என்று ஒன்றினைச் சொன்னாள். மழை இரவுகளில் பங்களா வழியாக ஒரு குதிரை வரும் ஓசை கேட்குமாம். முன்னொரு காலத்துத் துரையின் குதிரை. ஓசை லயத்துப் பக்கம் திரும்பும். ஒவ்வொரு காம்பராவாகக் கடக்கும். ஒருநாள் தம் காம்பராவின் முன் அந்த ஓசை நின்றுவிட்டதாம். மாணவி பேச்சினை நிறுத்தினாள். “பிறகு?” என்றேன். “அதுக்கப்புறம் என்னான்னு அப்பாயி சொல்லவே இல்ல சேர்” என்று கூறி அமர்ந்தாள். வகுப்பில் ஒருவரும் நகைக்கவில்லை.

அக்கதையினைப் பின்னர்ப் பலமுறை எண்ணிப் பார்த்தேன். அதில் அலறல் இல்லை, உருவம் இல்லை, விளக்கம் இல்லை. முழுவதும் ஒலியால் ஆனது. உச்சம் மட்டும் மௌனத்தால் ஆனது. அந்தத் துரை யார், அவர் எதற்காக ஒருவர் வாசலில் நிற்பார் என்பதனை அம்மூதாட்டி சொல்லவேண்டியிருக்கவில்லை. கேட்ட அனைவரும் தத்தம் வீட்டு வரலாற்றிலிருந்து அதனை நிரப்பிக்கொண்டனர். தொல்காப்பியர் அணங்கினை முதலிலும் இறைவரை இறுதியிலும் வைத்தார். எம் மலையில் அவ்விரண்டும் ஒரே குதிரையில் ஏறி வந்துள்ளன. ஒலிநாடகத்துக்கு வேண்டிய அனைத்தும் அச்சிறு கதையில் உண்டு. ஆனால் அதனைச் சொல்லத் தயங்கிய அப்பிள்ளை, மின்தூக்கிப் பேயினைச் சொல்லியிருப்பின் தயங்கியிருக்கமாட்டாள். தன் ஊரும் தன் அப்பாயியின் மொழியும் கதைக்குத் தகுதியற்றவை என எவரோ அவளுக்குக் கற்பித்துள்ளனர். செயலிகள் மட்டுமல்ல, அச்சுத் தமிழே தமிழ் என்று அடித்துத் திருத்தும் எம்மனோரும் அதற்குப் பொறுப்பாளரே.

ஆதலின், இத்துறையில் எழுதவும் நடிக்கவும் விழையும் மாணவர்க்கு நான் கூறக்கூடியது பெரிதன்று. கைத்தொலைபேசி ஒன்றே இன்று ஒலிப்பதிவு நிலையமாகும். பாட்டனும் பாட்டியும் இருக்கும்போதே அவர் குரலில் கதைகளைப் பதிந்து வையுங்கள். அவற்றினின்றும் நாடகம் எழுதும்போது அஞ்சத்தக்க பொருளினை முதலில் ஓரிடத்தில் நிறுத்துங்கள், அலறலைக் கடைசிக்கு வையுங்கள், இயலுமாயின் விட்டுவிடுங்கள். சலங்கையினை ஒலிக்கச் செய்வது எளிது. குளம்பொலியினை எந்த வாசலில் நிறுத்துவது என்று அறிவதே கலை.